ஏழு புள்ளி ஆறு இரண்டு

அத்தான் கனடாவிலிருந்து வந்து நின்றால் எங்கள் மாங்கேணி வீட்டில் துவக்குப் பேச்சுத்தான். அக்காவின் புருசன் அவர். அங்கே லொறி ஓட்டுகிறார். குளிர் தொடங்கியதும் கூட்டாளிகளோடு மான் வேட்டைக்குப் போவார். போன வருடம் வந்தபோது, முற்றத்து வேம்பின் கீழ் என் புருசனை உட்காரவைத்துத் தோட்டாக்களை ஒப்பிட்டு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். ஆறு புள்ளி ஐந்து மெலிந்தது, காற்றுக்கு அசையாது, தூரத்து மானுக்கு அதுதான் தோது. முந்நூற்றெட்டு தடிப்பு, அடி பலம், ஆனால் தூரம் போகப் போகக் கீழே இறங்கிவிடும். பட்டாளத்தின் ஐந்து புள்ளி ஐந்து ஆறு சின்னது, பாரமில்லை, ஒருவனே நிறையச் சுமக்கலாம்.

“அந்தச் சின்னனால மானைச் சுட எங்கட பக்கம் விடமாட்டாங்கள். மான் உடன சாகாம வேதனைப்படுமாம்.”

“மனிசரச் சுடலாமோ?” என்று கேட்டேன். அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எனக்கு அந்தப் பேச்சு வயிற்றெரிச்சலாக இருந்தது. எங்களுக்கு எண் தெரியாது, சத்தம் தெரியும். எந்த வெடிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குப்புறப் படுக்க வேண்டும், எந்த வெடிக்கு உலையை இறக்காமல் இருக்கலாம் என்று காது சொல்லிவிடும். அதைப் படித்ததற்கு எவரும் சான்றிதழ் தரவில்லை.

அம்மாதான் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலையில் ஒரு குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து அத்தானின் கையில் வைத்தாள். உள்ளே ஒரு கறுத்த ஈயத்துண்டு இருந்தது. என் அண்ணனின் உடம்பில் இருந்தது அது.

சண்டைக் காலத்தில் ஒரு நாள், விடியும் நேரத்தில் பட்டாள முகாம் பக்கம் வெடி கேட்டது. ஊர் கலைந்து ஓடியது. சத்தம் அடங்கிய பிறகு அப்பா அண்ணனின் உடலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அண்ணனுக்கு இருபத்திரண்டு வயது. பாதை பூட்டிக் கிடந்ததால் ஆசுபத்திரியும் இல்லை, பரிசோதனையும் இல்லை. குளிப்பாட்டும்போது முதுகுத் தோலுக்குக் கீழ் அம்மாவின் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. பிளேட்டால் கீறி எடுத்தோம். ஆமி சுட்டது என்று ஊர் சொன்னது. அன்றிலிருந்து அம்மா விளக்கு வைக்கும்போதெல்லாம் சுட்டவனின் கை அழுக வேண்டும் என்று கும்பிடுவாள்.

அத்தான் வந்து நின்ற நேரம்தான், சண்டையில் செத்தவர்களைப் பற்றிய விசாரணைக்கு வரச்சொல்லி மட்டக்களப்பிலிருந்து கடிதம் வந்திருந்தது.

“என்ன துவக்கெண்டு எழுதித் தாங்க மருமகன். அத வச்சி ஆளப் புடிக்கலாந்தானே?”

அத்தான் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். “பாப்பம் மாமி” என்றவர், தண்ணீர் கேட்பது போல் என் பின்னால் குசினிக்குள் வந்தார்.

“ரைபிள் தோட்டாவுக்கு மேல செம்புத் தோல் இருக்கும். நசிஞ்சாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு கிடக்கும். குழலுக்குள்ளால சுத்தி வாறதால கீறலும் விழும். இதில ரெண்டும் இல்ல. இது வெறும் ஈயம். இஞ்ச பாரும், ஒரு ஓட்டை.”

பார்த்தேன். நசுங்கிய பக்கத்தில் பாதி ஓட்டை. நூல் கோக்கும் ஓட்டை. வீச்சுவலையின் விளிம்பில் இப்படி நூற்றுக்கணக்கில் எங்கள் வீட்டுக் கொடியிலேயே தொங்குகின்றன. அம்மா அவற்றைக் கோத்தே கை காய்த்தவள். நானும்தான். இத்தனை வருடம் அதைத் தோட்டா என்று நினைத்தே பார்த்ததால் எங்கள் இருவருக்கும் அது தோட்டாவாகவே தெரிந்திருக்கிறது. எங்கள் ஊரில் வலை ஈயத்தைத் துவக்கில் போடுகிற ஒரே இடம், காடு வெட்டிப் பயிர் செய்கிற சேனைதான். அப்பாவும் அப்போது சேனை வைத்திருந்தார்.

அப்பா வாவிக்கரையில் தோணிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். துண்டை நீட்டினேன். அவர் கையில் வாங்கவில்லை.

“என்ட வலை ஈயந்தான் மகள். பண்டிக்குக் கட்டின துவக்கு.”

சேனை வைக்கிற எவருக்கும் அந்த வழக்கம் தெரியும். இரவுக்குப் பன்றி வருகிற தடத்தில் கட்டுத்துவக்கு, குறுக்கே கட்டிய கயிற்றில் பட்டால் தானாகவே வெடிக்கும். ஆள் வந்துவிடாமல் பாதைக்குக் குறுக்கே அடையாளமாகப் பச்சை இலைக்குழை. விடிந்ததும், கட்டினவரே போய் இரண்டையும் கழற்றிவிட வேண்டும்.

“அண்டைக்கு வெள்ளாப்பில வெடி தொடங்கிற்று. நான் போகல்ல. இந்தச் சத்தத்துக்க ஆர் சேனைக்கு வரப்போறான் எண்டு பத்தைக்க படுத்துக் கிடந்தன். குழை கட்டினபடிதான் கிடந்திச்சி. குனிஞ்சி ஓடுறவன் குழையப் பாப்பானா?”

“அண்ணன் ஏன் அங்க போனவன்?”

“என்னத் தேடித்தான்.”

அழுகை வந்தது எனக்குத்தான். அவருக்கு எப்போதோ வற்றிவிட்டது போல.

“நான் ஆமி எண்டு சொல்லல்ல. ஊர் சொல்லிச்சி, நான் பேசாம இருந்தன். முதல் நாள் வாய் வரல்ல. மறுகா எந்த நாள் சொல்றது? சுட்ட கை அழுகோணும் எண்டு உங்கம்மா கும்பிட்டுட்டு வந்து, அந்தக் கைக்குத்தான் சோறு போடுறா.”

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அந்த வயோதிப உடம்பைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் நான் செய்தது வேறு. குசினிக்குத் திரும்பி வந்து அத்தானிடம், “ஆமிட்ட இருந்த துவக்கு நம்பர் ஒண்டு எழுதுங்க” என்றேன். அவர் என்னையே பார்த்தார். வேட்டைக்காரர், பொய் எழுதிப் பழக்கமில்லை. கடைசியில் கொப்பித் தாளில் ‘7.62’ என்று எழுதித் தந்தார்.

நானும் அம்மாவும் பஸ்ஸில் போனோம். விசாரணை அலுவலகத்தில் ஒரு பெண் மரியாதையாகக் கதைத்தாள். துண்டைப் போனில் படம் எடுத்தாள், எண்ணைப் பார்த்து எழுதினாள். “இது ஆமி, இயக்கம் ரெண்டு பக்கமும் வச்சிருந்த துவக்குத்தானே அம்மா” என்று மட்டும் சொன்னாள். அம்மாவின் காதில் அது ஏறவில்லை. கடைசியாக எங்களுடைய சொல் ஒரு கோப்புக்குள் போய்விட்டது, அதுவே அவளுக்குப் போதும். திரும்பும் வழியெல்லாம் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அண்ணன் போன பிறகு நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக அப்பாவிடம் போய்ப் பக்கத்தில் இருந்தாள். அவருடைய வலது கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“எல்லாம் எழுதி எடுத்திட்டாங்க. இனி நீங்க கவலப்படாதீங்க. என்ட புள்ளயச் சுட்டவன எப்படியும் கண்டுபுடிச்சிருவாங்க.”

“ஓம்” என்றார் அப்பா.