மேடம் என்ன சொல்றாங்கன்னா

புவனேஸ்வரிக்கு இங்கிலீஷ் வந்தது அரியலூரில். அது ஒன்றுக்கும் உதவாமல் போனது திருமானூர்ப் பக்கம் அவள் வாழ்க்கைப்பட்ட ஊரில். அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்துப் படிக்க வைத்தார். தபால் வழியில் பி.ஏ. ஆங்கிலம் முடித்த பெண்ணை, கரும்புக்குத் தோகை உரிக்கவும் நாற்றுப் பறிக்கவும் கூட்டிக்கொண்டு போனது புகுந்த வீடு. ஊர் படிப்பை மதிக்கவில்லை என்று சொல்ல முடியாது. எவர் வீட்டுக்கு மருந்துச் சீட்டு வந்தாலும் "புவனாவக் கூப்புடு" என்பார்கள். படித்துச் சொல்லி முடித்ததும், "சரி, அங்க மாடு வயல்ல எறங்குது பாரு" என்பார்கள். அவ்வளவுதான் மரியாதை. கணவன் ராசாங்கம் நல்லவன். அதாவது, எதற்கும் வாயைத் திறக்காதவன்.

2002 ஜூன் மாதம் கரோல் வந்தாள். அமெரிக்காவில் ஏதோ ஒரு சபை அனுப்பிய ஐம்பது வயதுக்காரி. அரியலூரில் தங்கிக்கொண்டு பஸ் பிடித்து வந்து, ஊர்ச் சமுதாயக் கூடத்தில் பிள்ளைகளுக்கு இலவசமாக இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தாள். தமிழில் அவளுக்கு "நல்லா இருக்கீங்களா" மட்டும்தான் தெரியும். ஆகவே பக்கத்தில் நின்று தமிழில் எடுத்துச் சொல்லப் புவனேஸ்வரியைப் பிடித்தார்கள். முதல் நாளே பிள்ளைகள் அவளையும் "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். முன்வரிசையில் இருந்த அவளுடைய பத்து வயது மகள் வேணிகூட, சிரிப்பை அடக்கிக்கொண்டு "டீச்சர்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக அவள் எதையும் செய்வாள் போலிருந்தது. செய்தும் விட்டாள்.

பாடம் முடிந்ததும் கரோல் ஏசுவைப் பற்றிப் பேசுவாள். அதில் ஒளிவு மறைவு கிடையாது. அதற்காகத்தானே கடல் தாண்டி வந்திருக்கிறாள்? மறைத்ததெல்லாம் நம் புவனேஸ்வரிதான். இந்தப் பேச்சு அப்படியே ஊர்க் காதில் விழுந்தால் மறுநாளே கூடத்துக்குப் பூட்டு. வேணிக்கு இங்கிலீஷும் இல்லை, தனக்கு "டீச்சர்" பட்டமும் இல்லை. அதனால் "மேடம் என்ன சொல்றாங்கன்னா" என்று ஆரம்பித்து, உபதேசத்தை நன்றாக வடிகட்டித்தான் ஊற்றுவாள். ஜெபம் செய்யச் சொன்னால், "கண்ண மூடி அவங்கவங்க கொலசாமியக் கும்புட்டுக்குங்க" என்பாள். பிள்ளைகள் மாரியம்மனையும் ஐயனாரையும் கும்பிட, கரோல் உருகிப்போய் ஆமென் சொல்வாள்.

ஒருநாள், ஏசுவை ஏற்றுக்கொண்டவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள் கரோல்.

"பாடம் புரிஞ்சவங்கல்லாம் கையத் தூக்குங்க" என்றாள் புவனேஸ்வரி.

கூடம் முழுக்கக் கைகள். கரோல் அழுதே விட்டாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது? மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. மறுநாளும் வடிகட்டியே ஊற்றினாள், பாவி.

அக்டோபரில், கட்டாய மதமாற்றத்துக்கு எதிராக அரசாங்கம் சட்டம் போட்டிருப்பதை டீக்கடையில் பேப்பரை விரித்து வாசித்தார்கள். அதுவரை கரோலுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தவர்களே ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பொங்கல் கழிந்ததும், பிள்ளைகள் இங்கிலீஷ் பேசுவதை ஊர் பார்க்கட்டும் என்று கூடத்தில் ஒரு விழா வைத்தார்கள். மைக் செட் கட்டியாயிற்று. புவனேஸ்வரி கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். வேணி கடகடவென்று இங்கிலீஷில் பேசியபோது ஊரே வாயைப் பிளந்தது. பெற்றவளுக்குக் கண் கலங்கியது.

அடுத்துக் கரோல் பேசினாள். பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று சின்னச் சின்ன வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். போன வருஷம் இந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஏசுவை ஏற்றுக்கொண்டார்கள், என் வாழ்க்கையிலேயே பெரிய சந்தோஷம் அதுதான் என்றாள்.

"மேடம் என்ன சொல்றாங்கன்னா, போன வருஷம் நீங்கல்லாம் மனசு வச்சுப் படிச்சீங்களாம். அதுல அவங்களுக்கு ரொம்ப சந்தோசமாம்."

"இல்லம்மா!" வேணி எழுந்துவிட்டாள். வகுப்பில் தப்பைக் கண்டுபிடித்தால் கரோல் கைதட்டுவது வழக்கம், அந்தப் பழக்கம். "மேடம் அப்படி சொல்லல. நாங்கல்லாம் ஏசு சாமிய ஏத்துக்கிட்டோம்னு சொன்னாங்க."

பெருமையாகச் சுற்றிலும் பார்த்தாள். ஒருவரும் கைதட்டவில்லை.

நாட்டாமை பஞ்சநாதன் எழுந்தார். ராசாங்கத்துக்குப் பெரியப்பா முறை. கரோலுக்குக் கூடத்தைத் திறந்துவிட்டவரே அவர்தான்.

"எங்க புள்ளைங்கள மதம் மாத்தவா வந்தீங்கன்னு அந்தம்மாகிட்ட கேளு பாப்பா. என்ன சொல்றாங்கன்னு நீயே சொல்லு. புவனா, நீ பேசாத."

"மாமா, அது சின்னப் புள்ளைங்க..." என்றாள் புவனேஸ்வரி.

"அதனாலதான் கேக்கச் சொல்றேன்."

வேணி கேட்டாள். பிழையில்லாத இங்கிலீஷில் கேட்டாள். கரோல் அவள் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாகவே பதில் சொன்னாள். ஆமாம் கண்ணே, உங்களையெல்லாம் ஏசுவிடம் சேர்க்கத்தான் வந்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

"போலீசுக்குச் சொல்லி வுடுங்கய்யா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ராசாங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேணி அம்மாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த பெருமை போய்விட்டிருந்தது. ஏதோ கெட்டுப்போயிற்று என்று அதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையைப் பொய் சொல் என்று கண்ணைக் காட்டுவதா? உண்மையைச் சொல் என்றால் இந்த அப்பாவிக் கரோலின் கதி என்ன? புவனேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மேடம் என்ன சொல்றாங்கன்னா," என்றாள் வேணி. அம்மாவின் அதே குரல், அதே இழுப்பு. "இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கத்தான் வந்தாங்களாம் தாத்தா. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

"கொழந்தை பொய் சொல்லாது" என்று பஞ்சநாதன் உட்கார்ந்தார். ஊர் கைதட்டியது. தான் சொன்னதற்குத்தான் தட்டுகிறார்கள் என்று கரோலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வகுப்பு பிழைத்துக்கொண்டது. மறுநாள் சாயங்காலம் புவனேஸ்வரி மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து இங்கிலீஷ் புத்தகத்தை விரித்தாள். ஒரு வரியைத் தொட்டுக் காட்டி, "இதுக்கு அர்த்தம் சொல்லு கண்ணு" என்றாள்.

வேணி புத்தகத்தைப் பார்க்கவே இல்லை.

"நீயே சொல்லும்மா," என்றாள். "நீ என்ன சொல்றியோ அதையே நானும் சொல்லிடறேன்."