நீச்சல் குளத்தருகே தொங்கிய மருந்து டப்பா

பக்கத்து நிலத்தில் அடித்த பூச்சிமருந்து காற்றோடு வந்து நீச்சல் குளத்தில் விழுந்தால், அந்தத் தண்ணீரில் பிள்ளைகளை இறக்கலாமா, கூடாதா? அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்த எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. லீலாவுக்கும் தெரியாது. ஆனால் பதில் சொல்லவேண்டிய இடத்தில் நின்றவள் அவள்தான்.

ஒரகடத்தை அடுத்த எங்கள் ஊரில் ஒரு பண்ணை வீட்டுக்கு லீலா காவல். வீட்டுக்காரர் கோதண்டராமன் சென்னையில் குடியிருந்துகொண்டு மறைமலை நகரில் பட்டறை நடத்தியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார். அவர்களுக்காகவே வீட்டுக்குப் பின்னால் நீலக் கல் பதித்து ஒரு குளம் கட்டியிருந்தார். நீளக் கழியில் கட்டிய வலையால் சருகு அள்ளுவது, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவது எல்லாம் லீலாவின் வேலை. மோட்டார் ரூமை ஒட்டிய அறையில், ஏழாவது படிக்கும் மகள் ஜோதியோடு இருந்தாள். புருஷன் இல்லை. வேலை போனால் அந்த அறையும் போய்விடும்.

1991 ஆடி மாதம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மதிலுக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஸ்பிரேயர் இரைந்தது. மேற்கே சுப்பராயனின் கத்தரித் தோட்டம். காற்று அங்கிருந்து இங்கே வாரியடித்துக்கொண்டிருந்தது. லீலா கல்மேல் ஏறி எட்டிப் பார்த்தாள். வெள்ளைப் புகைபோல மருந்து மதிலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"இன்னாண்ணே, இந்தக் காத்துல மருந்து அடிச்சிகினு கீற! எல்லாம் எங்க குளத்துலதான் வுழுது!"

"உங்க மொதலாளி குளிக்கிறாருன்னு காய்ப்புழு லீவு போடுமா?" என்றார் சுப்பராயன். "வாடகை ஸ்பிரேயரும்மா. பொழுதோட திருப்பிக் குடுக்கணும்."

சாயங்காலம் லீலா வலையைப் போட்டபோது சருகோடு தட்டான்களும் தேனீக்களும் வந்தன. எல்லாம் செத்துக் கிடந்தன. கையை முகர்ந்தாள். மருந்து வாடை இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது.

எங்கள் ஊரில் மருந்து அடித்தால் வரப்பில் ஒரு குச்சியை நட்டு, காலி மருந்து டப்பாவைக் கவிழ்த்துக் கட்டுவார்கள். அதைப் பார்த்தால் புல் அறுக்கிறவளும் மாடு மேய்க்கிறவனும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். யாரும் யாருக்கும் வாய்திறந்து சொல்லவேண்டியதில்லை. லீலா சுப்பராயனிடம் ஒரு டப்பாவை வாங்கிவந்து குளத்தின் படியருகே கட்டினாள். ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் போய் முதலாளிக்குப் போன் பண்ணலாமா என்று யோசித்தாள். டப்பாதான் தொங்குகிறதே, பார்த்தால் தெரிந்துகொள்வார் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் கார் வந்தபோது லீலா அடுப்படியில் இருந்தாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவருவதற்குள், குச்சி பிடுங்கப்பட்டுப் பூந்தொட்டி ஓரம் கிடந்தது. கோதண்டராமன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன லீலா, குளத்துக்குத் திருஷ்டி கழிக்கிறியா? பூசணிக்காய் கிடைக்கலையா?"

"அய்யோ, அது திருஷ்டி இல்லீங்க. நேத்து பக்கத்துல மருந்து அடிச்சாங்க. தண்ணியில வுழுந்துக்கீது. பசங்கள எறக்காதீங்க."

"நீதான் பிளீச்சிங் பவுடர் போடறியே! அதுல எல்லாம் சரியாயிடும்."

"அது பாசிக்குப் போடறதுங்க. இதுக்குக் கேக்குமான்னு எனக்குத் தெரியலீங்க."

"தெரியலைன்னா சும்மா இரு. ரெண்டு வாரமா பசங்க இதையே சொல்லிட்டிருக்காங்க."

உள்ளே பிள்ளைகள் உடை மாற்றிக்கொண்டு, யார் முதலில் குதிப்பது என்று சண்டை போடுவது கேட்டது. லீலா மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனாள். குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு அங்கேதான் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். தென்னைப் பாத்தியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டுக் கோதண்டராமன் ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டுத் திறந்தே? கிணறு வத்திக் கிடக்கிற நேரத்துல மறுபடி எப்ப ரொம்பும்?"

"கேட்டா வேணான்னுவீங்க."

"மூடு!"

லீலா வால்வைவிட்டு விலகி நின்றாள். "நீங்களே மூடிக்கோங்கய்யா. நல்ல தண்ணியாவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனா எம் பொண்ண நான் எறக்கமாட்டேன்."

அவர் வால்வில் கை வைத்தார். பிள்ளைகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, அந்தக் கோபத்தையெல்லாம் தூக்கிக்கொண்டு மதில் பக்கம் போனார்.

"ஏம்ப்பா, குழந்தைங்க குளிக்கிற இடம்னு தெரியாது?"

வரப்பில் மண் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்த சுப்பராயன் நிமிர்ந்தார். "டப்பா கட்டியிருந்திச்சே சார். டப்பா தொங்குனா எங்க ஊரு மாடுகூட அந்தாண்ட போவாது."

கோதண்டராமன் முகம் சிவந்து திரும்பினார். பிள்ளைகளின் அழுகையோடு கார் மத்தியானமே கிளம்பியது. ஏறும்போது, "அடுத்த மாசத்துக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். அன்று ராத்திரி லீலா அன்றாடம் புழங்காத பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவைத்தாள்.

வேறு ஆள் வரவில்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்து, பட்டறை வேனில் குளத்தின் அளவுக்குத் தைத்த ஒரு தார்ப்பாய் வந்து இறங்கியது. டிரைவர் ரத்தினம் சொன்னார்: "மருந்து அடிக்கிற அன்னிக்கி மூடச் சொன்னாரும்மா. அப்பால, நீ அந்த டப்பாவத் தூக்கிப் போட்டுட்டியான்னு கேட்டாரு. பத்திரமா வைக்கணுமாம்." லீலா சாக்கை அவிழ்த்தாள்.

அதற்குப் பிறகு சுப்பராயன் காற்று எழும்புமுன் விடியற்காலையில் மருந்து அடித்தார். முதல் நாளே மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "தங்கச்சி, நாளைக்கி உங்க குளத்துக்குப் போர்வ போத்து!" என்று கத்துவார். அந்தச் சனிக்கிழமைத் தண்ணீர் கெட்டதா, நல்லதா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அது தென்னைக்குப் போய்விட்டது. "இந்த வருசம் உங்க தென்னைக்குப் பூச்சியே வராது" என்று சுப்பராயன் மட்டும் கேலி பண்ணுவார்.

எங்கள் பக்கம் இப்போது வெளியூர்க்காரர்கள் நிறைய நிலம் வாங்கி வீடு கட்டுகிறார்கள். அவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் லீலாவின் இந்தக் கதையைச் சொல்லுங்கள். குச்சியில் டப்பா தொங்கினால் பிடுங்கிப் போடாமல், எதற்கு என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். நம் ஊர்க்காரர்களுக்கும் சொல்லுங்கள்: டப்பா கட்டினால் மட்டும் போதாது, வாய்திறந்தும் சொல்லவேண்டும்.