பிட்காயின் ஷெட்டில் ஈரத் துணி

1. முதல் நாள்

முதல் நாள் அந்த ஷெட்டின் கதவைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காதை அடைக்கிற சத்தம். முகத்தில் அறைகிற சூடு. டீ பேக்டரியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து, அதில் கடைசிப் பன்னிரண்டு வருஷம் தேயிலையைச் சூட்டில் காயவைக்கிற டிரையர் பக்கத்திலேயே நின்றவள் நான். ரிட்டயர் ஆனபிறகு குளிரில் விரல் மடங்காமல் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் ஒன்றில், சும்மா உட்கார்ந்திருந்தேன். திரும்பவும் டிரையருக்கே வந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஷெட் இருப்பது குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே. மூடிப்போன ஒரு சின்ன பேக்டரியின் பழைய பேக்கிங் ரூம் அது. வாடகைக்கு எடுத்தவர் ஜெரால்டு சார். கோயமுத்தூர் காலேஜ் ஒன்றில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறார். சனி, ஞாயிறு மட்டும்தான் மேலே வருவார். மற்ற நாளில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"காது வலிக்குதுங்களாக்கா? பஞ்சு வச்சுக்குங்க" என்றார்.

"இதெல்லாம் ஒரு சத்தமாங்க சார்? எல நறுக்கற சி.டி.சி. மெஷின் பக்கத்துல நின்னு பேசிப் பாருங்க. ரெண்டு பேரும் ஊமையாட்டம் கையக் கையக் காட்டிக்கிட்டுதான் நிப்போம்."

இரும்பு ரேக்கில் வரிசையாக இருபது மெஷின். ஒவ்வொன்றும் செங்கல் இரண்டை வரிசையாக வைத்த நீளம். முன்னால் ஒரு ஃபேன் குளிர்ந்த காற்றை இழுக்கும், பின்னால் ஒரு ஃபேன் சூட்டைத் தள்ளும். முன்பக்கத்துக் காற்றும் பின்பக்கத்துச் சூடும் கலக்காமல் இருக்க நடுவில் தார்பாய்த் திரை. பின்பக்கச் சுவரில் நான்கு ஜன்னல், சூடு வெளியே போக. சார் எல்லாவற்றையும் காட்டிவிட்டு வேலைக்குச் சேரச் சொன்னார்.

"வேலைக்குப் பேரு என்னங்க சார்?"

"பேருங்களா? பாத்துக்கறதுதான்..."

"பாத்துக்கறதுன்னு ஒரு வேல இல்லீங்க. முப்பத்தோரு வருஷம் லேபர்னு எழுதின எடத்துலதான் கையெழுத்துப் போட்டேன். பேக்டரியில பொம்பளைக்கு அதுக்கு மேல எழுத மாட்டாங்க. இங்க சூப்பர்வைசர்னு எழுதுங்க."

சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினார். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். இலங்கைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவள். பத்து வயதில் கப்பல் ஏறி இங்கே வந்தபிறகு பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. ஆனால் நம்பர் பார்ப்பேன், தெர்மாமீட்டர் பார்ப்பேன், மெஷின் சத்தம் மாறினால் தூக்கத்திலும் தெரியும்.

2. இது என்ன வேலை

இந்தத் தொழிலில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். உலகம் முழுக்க இந்த மாதிரி மெஷின்கள் ஒரே புதிருக்கு விடை தேடி ஓடிக்கொண்டிருக்கின்றன. எது முதலில் கண்டுபிடிக்கிறதோ அதற்குப் பிட்காயின் என்கிற புதுக் காசு. இருபது மெஷின் வைத்திருக்கிற நாம் தனியாக ஓடினால் ஆயுசுக்கும் ஜெயிக்க மாட்டோம். அதனால் பூல் என்று ஒன்றில் சேர்வார்கள். எல்லார் கொழுந்தையும் ஒரே தராசில் போட்டு, அவரவர் பறித்த அளவுக்குப் பங்கு பிரிக்கிற மாதிரி. உலகத்தில் மெஷின் கூடக் கூட, அதே மெஷினுக்கு நாளாக நாளாகப் பங்கு குறையும். காசின் விலையும் ஏறும், இறங்கும். கரண்ட் பில் மட்டும் இறங்காது.

சார் முதல் மெஷினைக் கோயமுத்தூரில் படுக்கை அறையில்தான் ஓட்டினார். மூன்றாம் நாள் ப்ளக் உருகிச் சுவர் கறுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் தாங்காமல் கதவைத் தட்டிச் சண்டைக்கு வந்துவிட்டார். ஆகையால் மெஷின் வாங்குவதற்கு முன்னால் ஈ.பி. ஆபீஸுக்குப் போங்கள். என்ன வேலைக்கு என்பதை மறைக்காமல் சொல்லி, அதற்கு உண்டான கனெக்ஷன் வாங்குங்கள். வீட்டு லைனில் இழுக்காதீர்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று வயர்மேனைக் கூட்டிவந்து பாருங்கள். எங்கள் ஷெட்டில் பேக்டரிக் காலத்து த்ரீ ஃபேஸ் லைன் இருந்தது. சார் மலை ஏறினதற்குக் குளிர் ஒரு காரணம், அந்த லைன் இன்னொரு காரணம்.

இன்னொன்று. போனில் ஒரு ஆப் போட்டால் போதும், மெஷினே வேண்டாம், நாலு பேரைச் சேர்த்துவிட்டால் காசு கொட்டும் என்று வருவார்கள். எங்கள் லயத்துச் செல்லக்கிளியின் மருமகன் அதில் விழுந்தான். ஒரு நாள் காலையில் அந்த ஆப்பே போனில் இல்லை. அவனிடம் நான் கேட்டது ஒன்றுதான். "ஏன் தம்பி, சூடும் இல்ல, சத்தமும் இல்ல, கரண்டும் எரியல. அப்பறம் அது என்ன மெஷினு?"

காசு வைத்திருக்கிற வாலட்டைத் திறக்க இருபத்துநாலு வார்த்தை கொடுப்பார்கள். சார் அதைப் பெரிசாக எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். நான்தான் கிழித்துக் கையில் கொடுத்தேன். "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க, நான் திருட மாட்டேன். ஆனா வர்றவன் போறவனுக்குத் தெரியுமே." போனில் படம் எடுத்தும் வைக்காதீர்கள். காகிதத்தில் எழுதி இரண்டு இடத்தில் பூட்டி வையுங்கள்.

3. செல்லக்கிளியின் ஸ்வெட்டர்

ஆனி முடிந்து மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை பெய்துவிட்டுப் போகிற மழை இல்லை, குடித்தனம் பண்ணுகிற மழை. ஈரத் துணி ஒரு வாரம் கிடந்தாலும் காயாது, நாற்றம்தான் பிடிக்கும். செல்லக்கிளி ஒரு நாள் கொழுந்து பறித்துவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட ஷெட்டுக்கு வந்தாள்.

"அக்கா, இந்த ஸ்வெட்டர அந்தப் பக்கம் ஒரு ஓரமாப் போட்டுக்கட்டா? நாளைக்கு மாத்திப் போட வேற இல்லக்கா."

திரைக்குப் பின்னால் கயிறு கட்டிப் போட்டேன். அவள் ஒரு டம்ளர் டீ குடித்து முடிப்பதற்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "அய்யோ, இட்லி மாதிரிச் சூடா இருக்குக்கா!" என்று குதித்தாள்.

மறுநாள் ஆறு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் லயமே வந்தது. ஸ்வெட்டர், குல்லா, போர்வை, பிள்ளைகளின் யூனிஃபார்ம், கல்யாணத்துக்குப் போகிற சேலை. நான் சும்மா இருப்பேனா? சூப்பர்வைசர் ஆயிற்றே. அட்டையை வெட்டி நம்பர் எழுதி டோக்கன் போட்டேன். யூனிஃபார்முக்கு முதல் இடம், போர்வைக்குப் பத்து மணிக்கு மேல். முந்தப் பார்த்தவளைக் கடைசிக்கு அனுப்பினேன். மாதா கோயில் திருவிழாவுக்குப் பாட்டுக்குழுவின் வெள்ளை அங்கி பதினைந்தையும் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். இருபது மெஷின் காற்றில் பதினைந்து அங்கியும் கை தூக்கி ஆட, நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். செல்லக்கிளி அங்கிகளுக்கு நடுவில் புகுந்து தானும் ஆடினாள். என் உத்தியோக காலத்தில் அப்படி ஒரு வாரம் கிடையாது.

கயிறு முழு நீளத்துக்கும் வேண்டுமென்று தார்பாய்த் திரையைச் சுருட்டி மேலே கட்டியிருந்தேன். சாரல் துணியில் அடிக்கிறதென்று பின்பக்க ஜன்னல் நான்கையும் சாத்தியிருந்தேன். செய்தது நான்தான். வேறு யாரும் செய்யச் சொல்லவில்லை.

மெஷின் சூட்டை சார் கோயமுத்தூரிலிருந்தே போனில் பார்ப்பார். கூப்பிட்டார்.

"அக்கா, ஏழாம் நம்பர் எம்பத்தஞ்சு டிகிரி காட்டுது. என்னாச்சுங்க?"

"மழைங்க சார்."

"மழன்னா குளிரணுமேக்கா?"

"மலை மழ அப்பிடித்தாங்க சார்."

எனக்கே அது பொய் என்று தெரியும். தொங்குகிற துணியின் ஈரமெல்லாம் அந்த அறைக் காற்றில்தான் நிற்கிறது. ஜன்னலைச் சாத்தினால் அதே சூடும் ஈரமும் முன்பக்கம் சுற்றிவந்து மெஷினுக்குள் போகும். கொழுந்து வாட்டுகிற தொட்டியில் ஈரக்காற்று விட்டால் கொழுந்து வாடாது என்று எத்தனை புது ஆளைத் திட்டியிருப்பேன்! இங்கே கண்ணை மூடிக்கொண்டேன். லயத்தில் எல்லாரும் என் பின்னால் நின்றது அவ்வளவு ருசியாக இருந்தது.

4. சனிக்கிழமை

அந்த வாரம் மெஷின்கள் ஒவ்வொன்றாகத் தானே நின்றன. சூடு மிஞ்சினால் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். நான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன், திரும்பவும் நின்றன. வெள்ளிக்கிழமை துணிகளை எல்லாம் அள்ளிக் கொடுத்தனுப்பி, கயிற்றை அவிழ்த்து ஒளித்து, திரையை இறக்கிவிட்டேன். சாரல் நிற்காததால் ஜன்னல் மட்டும் சாத்தினபடியே கிடந்தது.

சனிக்கிழமை மத்தியானம் சார் வந்தார். முகம் வாடியிருந்தது.

"நானும் எல்லாரையும் கேட்டுட்டேங்க்கா. மல ஈரத்துக்கு இந்த மெஷின் ஒத்து வராதாம். ஈரோட்டுலருந்து ஒருத்தர் நாளைக்கு வர்றார். மொத்தமாக் குடுத்துட்டு ஷெட்ட மூடிர்றேன்."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

இருபது மெஷினும் ஒரே மூச்சில் அடங்கின. அந்த அமைதியில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு வாரத்து ஈரம் முழுக்க அந்த அறைக்குள்ளேயே இருந்தது. சூடு குறையக் குறைய, தகரக் கூரையின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்தது. ஒரு சொட்டு என் கழுத்தில் விழுந்தது. கூரையைப் பார்த்தேன், மெஷினைப் பார்த்தேன், அதன் மேலும் சொட்டிக்கொண்டிருந்தது.

"சார், மெயின ஆஃப் பண்ணுங்க, கரண்ட் வந்துறப் போகுது!" என்று கத்தினேன்.

அவர் எழுவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. ஏழாம் நம்பரில் பட் என்று ஒரு சத்தம், அடுத்து எட்டாம் நம்பரில். கருகிய வாசனை வந்தது. மெயின் ஸ்விட்ச் தானே இறங்கிக்கொண்டது.

சார் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். "பாத்தீங்களாக்கா? இதான் சொன்னேன். இந்த மல சரிப்படாது."

நான் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து ஏழாம் நம்பரின் முன் ஃபேனைக் கழற்றினேன். உள்ளே தகடுகளுக்கு நடுவில் பஞ்சு பஞ்சாக அடைத்திருந்தது. ஆரஞ்சு, பச்சை, ஊதா. உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

"என்னங்கக்கா இது?"

"செல்லக்கிளி ஸ்வெட்டருங்க சார்."

அவருக்குப் புரியவில்லை. டோக்கன் அட்டை, சாத்தின ஜன்னல், சுருட்டின திரை, பாட்டுக்குழு அங்கி, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். "மல மேல தப்பு இல்லீங்க சார், எம் மேலதான். நோட்டுல என் பேர அடிச்சுருங்க. மெஷின மட்டும் விக்காதீங்க."

அவர் என் கையிலிருந்து அந்தப் பஞ்சை எடுத்து விரலில் உருட்டினார்.

"அன்னைக்குப் போன்ல கேட்டப்பவே சொல்லியிருந்தா ரெண்டு மெஷின் போயிருக்காதுங்களே அக்கா."

"ஆமாங்க சார்."

"பேர அடிச்சுட்டா நாளைக்கு இத யாரு சரி பண்றது?" என்றார். பிறகு ஈரோட்டுக்காரருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பதினெட்டு மெஷினையும் கழற்றிப் பிரஷ் போட்டோம். திரை இருந்த இடத்தில் பலகை அடித்து, ஒரு கதவு மட்டும் வைத்து அடைத்தோம். பின்பக்கச் சூடு தகரக் குழாய் வழியாக, வெளிச்சுவரை ஒட்டிக் கூரை இறக்கின சாய்ப்புக்குப் போகும்படி செய்தோம். அந்த வேலைக்கு லயத்திலிருந்து பதினோரு பெண்கள் வந்து நின்றார்கள். இப்போது துணி காய்வது சாய்ப்பில். அங்கிருந்து ஒரு நூலும் உள்ளே வராது. கரண்ட் போனால் முதலில் மெயினை இறக்குவேன். கரண்ட் வந்ததும் சூடு அறைக்குள் சுற்றும்படி பலகைக் கதவைத் திறந்து, ஒரே ஒரு மெஷினைப் போட்டு அறையைக் காயவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் போடுவேன். பனி நாட்டில் மெஷின் வைக்கிறவர்கள் இதை மட்டுமாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. எட்டு மெஷின்

மழை விடுவதற்கு முன்பே காசின் விலை இறங்கியது. சார் போன் பண்ணினார்.

"அக்கா, வர்ற காசு கரண்டுக்கே பத்தல. எத்தன மெஷின நிறுத்தலாம்?"

என் உத்தியோகத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. மெஷினை நிறுத்து என்பார்கள், நிறுத்துவேன்; எத்தனை என்று கேட்க மாட்டார்கள்.

"இருக்கற பதினெட்டுல பழசு எட்டையும் நிறுத்தலாங்க சார். புதுசு குடிக்கிற கரண்டத்தான் அதுவும் குடிக்குது, பறிக்கிறது பாதிதான்."

"சரிங்க்கா, நீங்க சொன்னாச் சரி."

என் கையாலேயே எட்டையும் அணைத்தேன். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். எந்த மெஷினை எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொண்ட பிறகு முதல் மெஷினை வாங்குங்கள். நகையை வைத்து இறங்காதீர்கள். வரி உண்டு, ஆடிட்டரைக் கேளுங்கள். நீங்கள் கேட்கும்போது "தப்பு என்னுது" என்று சொல்லக்கூடிய ஆளை ஷெட்டில் வையுங்கள். அந்த ஆளுக்கும் சொல்கிறேன்: கேட்கிற வரைக்கும் காத்திருக்காதே, முதல் நாளே சொல்லிவிடு.

மறுநாள் காலை செல்லக்கிளி போர்வையோடு சாய்ப்பில் நின்றாள். குழாய் வாயில் கையை வைத்துப் பார்த்தாள்.

"என்னக்கா, காத்து கொறஞ்சு போச்சு?"

"பிட்காயின் வெல எறங்கிருச்சுடி."

"அதுக்கும் என் போர்வைக்கும் என்னக்கா?"

விலை ஏறினால்தான் அந்த எட்டு மெஷினும் திரும்ப ஓடும், சூடும் கூடும் என்று விளக்கிச் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டாள். இப்போது எங்கள் லயத்தில் காலையில் கொழுந்துக்குப் போகிற பெண்கள் எல்லாரும் ஷெட்டு வாசலில் ஒரு நிமிஷம் நிற்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்துச் சத்தமாகக் கேட்கிறார்கள்:

"அக்கா, ஒலகத்துல வெல ஏறிருச்சா? போர்வைய நனைக்கட்டுமா?"