பக்கத்து ஊருக்குப் போன மழை

எங்கள் ஊருக்கு வரவேண்டிய மழையைச் சித்தி தன் பிறந்த ஊருக்கு அனுப்பிவிட்டாள் என்று ஒரு ஆனி மாதத்தில் ஊரே பேசியது. நானும் அதை நம்பினேன். எனக்குச் சித்தியை அவ்வளவு பிடிக்கும். அவளால் ஆகாத காரியம் உண்டென்று நான் நினைத்ததில்லை.

எங்கள் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். அந்த வருஷம் மல்லாட்டை பூவெடுக்கும் சமயம் பார்த்து வானம் கையை விரித்துவிட்டது. மேற்கே கல்வராயன் மலைப் பக்கமிருந்து மேல்காற்று பகலெல்லாம் அனலாக வீசியது. பெண்கள் கூடி மழைச்சோறு எடுத்தார்கள். வீடு வீடாக உப்பில்லாத கூழ் வாங்கி, வறண்ட ஏரிக்குள் உட்கார்ந்து குடித்து, ஒப்பாரி வைத்து மழையை அழைக்க வேண்டும். பானை சுமப்பது ஊருக்குப் புதிதாக வந்த மருமகள். அந்த வருஷம் அது, சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த சித்தி. ஒப்பாரியின் நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் ஏரிக்குக் கிழக்கே, சித்தியின் பிறந்த ஊரில், மழை கொட்டித் தீர்த்தது. எங்களுக்குத் தூறல்கூட இல்லை.

மறுநாள் காலையில் அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய அத்தை, ஆரம்பித்தாள்.

"கூழு நம்ம ஊருது, மழ அவ ஊருக்கா? பொறந்த வூட்டுப் பாசம் ஜாஸ்திதான்."

சித்தப்பா குனிந்த தலை நிமிராமல் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று சித்தி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு அந்த மழைச்சோற்றுப் பானையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நான் எங்க ஊருக்குப் போறேங்க. இங்க மழ பேஞ்சாத்தான் இந்த வூட்டுக்கு வருவேன்."

துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மழை பெய்யாவிட்டால் சித்தி திரும்பவே மாட்டாள் என்ற பயத்தில், அவள் அம்மா வைத்த கோழிக்குழம்பு எனக்கு இறங்கவில்லை. இரண்டாம் முறை ஊற்றியபோதுதான் இறங்கியது.

சாயங்காலம் மேல்காற்று சட்டென்று நின்றது. கொடியில் கிடந்த துணியெல்லாம் எதிர்ப்பக்கம் பறந்தது. கிழக்கேயிருந்து சில்லென்று காற்று. கடல்பக்கமிருந்து வரும் குளிர்காற்று, மலைப்பக்கத்துச் சுடுகாற்றுக்கு அடியில் புகுந்து அதை மேலே தூக்கும். தூக்கிய இடத்தில் மேகம் எழும்பும். அப்படி இரண்டும் முட்டிக்கொண்ட இடம் முந்தின நாள் ஏரிக்குக் கிழக்கே இருந்தது. அன்று ஏரியைத் தாண்டி எங்கள் ஊருக்கு நகர்ந்துவிட்டது. இதையெல்லாம் நான் கல்லூரியில்தான் படித்தேன். அன்றைக்குப் பார்த்தது, எங்கள் ஊர் மேலே கன்னங்கரேலென்று எழுந்த மேகத்தையும், பானையோடு ஓடிய சித்தியையும்தான். நானும் பின்னாலேயே ஓடினேன். சந்தோஷத்தில் கத்திக்கொண்டே ஓடினேன்.

ஏரிக்கரையில் நாங்கள் நின்ற இடம் காய்ந்திருந்தது. எதிரே கரும்புத் தோட்டத்தின் மேல் மழை இறங்கி எங்களை நோக்கி வந்தது. அதற்குள்ளிருந்து குடை பிடித்துக்கொண்டு சித்தப்பா வந்தார்.

"அக்கா பேச்சு கெடக்குது. வா, வூட்டுக்குப் போலாம்."

"மழ பேஞ்சாத்தான் உங்களுக்கு வாய் தொறக்குமா?" என்றாள் சித்தி.

"மழைக்கு முன்னாடியே கெளம்பிட்டேன். வழியிலதான் புடிச்சிக்கிச்சி."

சித்தி பானையை அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு குடையை என் கையில் கொடுத்தார். பெரிய குடை, மூன்று பேரும் தாராளமாக நிற்கலாம். வாங்க, வாங்க என்று வழிநெடுகக் கூப்பிட்டுப் பார்த்தேன். இருவரும் வேண்டுமென்றே நனைந்துகொண்டு, மெதுவாக நடந்து வந்தார்கள். இவர்களுக்கு ஏன் இப்படிப் புத்தி கெட்டுப்போனது என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.