ஐயாவின் கழுத்தில் தாலிக்கொடி

என் ஐயா வெட்கம் பிடித்த மனிதர். அம்மாவோடு கோயிலுக்குப் போனாலும் பத்தடி முன்னால்தான் நடப்பார். பார்ப்பவர்கள் இருவருக்கும் ஏதோ கோபம் என்று நினைப்பார்கள். அப்படிப்பட்டவர் ஒரு கிழமை, ஏழு நாளும், அம்மாவின் தாலிக்கொடியைத் தம் கழுத்தில் போட்டுக்கொண்டு எங்கள் ஊரான உரும்பிராயில் திரிந்தார் என்றால் இன்றைக்கும் சிலர் நம்புவதில்லை. நான் கூடவே இருந்தவள். அப்போது எனக்கு ஏழு வயது.

அம்மாவின் வயிற்றில் ஒரு கட்டி. பரியாரியாரின் குளிகையும் கசாயமும் தோற்று, கஞ்சிகூட இறங்காமல் போனபோது ஐயா மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் பாய் விரித்து, அம்மாவை மிசன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, தலைமாட்டில் இருந்து அழுதுகொண்டு வந்தார். எனக்கோ வண்டிச் சவாரி கிடைத்த புளுகம், துள்ளிக்கொண்டு வந்தேன்.

அங்கே வெள்ளைக்கார டாக்டர் அம்மா ஒருவர் இருந்தார். தமிழ் கதைப்பார், பாடப் புத்தகம் வாசிப்பது போல இருக்கும். கட்டியை வெட்டி எடுக்க வேண்டும் என்றார். அம்மா அதற்குக்கூடத் தலையாட்டிவிட்டார். மறுநாள் காலை தாதி ஒருத்தி வந்து, மயக்க மருந்து கொடுக்கும்போது கழுத்தில் நூல்கூட இருக்கக் கூடாது, கொடியைக் கழற்றுங்கள் என்றபோதுதான் வில்லங்கம் தொடங்கியது.

அம்மா கொடியை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். "இது கழுத்தை விட்டு இறங்கினா அவருக்கு ஏதும் வந்திடும். நான் மாட்டன். வண்டியைப் பூட்டச் சொல்லுங்கோ, வீட்டை போவம்."

"புருசன் இருக்கேக்கை தாலி கழட்டின பொம்பிளை எங்கடை பரம்பரையிலை இல்லை" என்று பெரியம்மா ஆஸ்பத்திரி வாட்டு முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார். டாக்டர் அம்மா வந்து பார்த்துவிட்டு, இனியும் பிந்தினால் தம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்று மட்டும் சொன்னார். அம்மா பொத்திய கையை எடுக்கவில்லை.

யன்னலடியில் நின்ற ஐயா கட்டிலடிக்கு வந்தார்.

"கழுத்தை விட்டு இறங்கக் கூடாது, அவ்வளவுதானே?"

"ஓம்" என்றார் அம்மா.

"ஆரின்ரை கழுத்தெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. என்ரை கழுத்திலை போட்டுவிடும். நீர் வந்து கேக்கேக்கை தாறன்."

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் கண்டு ஒரு மாதம் இருக்கும். ஐயா குனிந்து கொடுக்க, அம்மாவே கொடியை அவர் கழுத்தில் போட்டுப் பூட்டைத் திருகிவிட்டார். பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

உள்ளே கொண்டு போகுமுன் டாக்டர் அம்மா கண்ணை மூடித் தம் கடவுளிடம் மன்றாடினார். ஐயா அம்மாவின் நெற்றியில் பிள்ளையார் கோயில் விபூதியைப் பூசித் தாமும் கண்ணை மூடினார். கதவு சாத்திய பிறகு பெரியம்மாவிடம், "அவ தன்ரை ஆளைக் கூப்பிட்டா, நான் என்ரை ஆளைக் கூப்பிட்டன். ஆர் முதல் வந்தாலும் சரி" என்றார்.

வெளி விறாந்தையில் காத்திருந்தோம். சட்டை போடாத மார்பில் கொடி மின்னியது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று பார்த்து, என்ன கோலம் இது என்று கேட்டார்கள். எல்லாருக்கும் ஐயா ஒரே பதில்தான் சொன்னார்: "மனுசி ஒரு சாமானைத் தந்து வைச்சிருக்கிறா. வாங்க வருவா."

மத்தியானம் டாக்டர் அம்மா வியர்த்து வழிய வெளியே வந்து, "உம்முடைய மனைவி சுகமாக இருக்கிறார்" என்றார். பெரியம்மா அந்த வெள்ளைக்காரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஆனால் மறுபடியும் மயக்க மருந்து கொடுக்க நேரலாம், அதனால் தையல் பிரிக்கும் வரை கொடி அம்மாவின் கழுத்துக்குத் திரும்பக் கூடாதாம்.

அந்த ஒரு கிழமையும் எங்கள் ஊருக்குத் திருவிழாதான். ஐயா கொடியோடுதான் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தார், கொடியோடுதான் சந்தைக்குப் போனார். "குங்குமமும் வைச்சுவிடட்டோ?" என்று பெரியம்மாவே பகடி பண்ணினார். ஐயா எல்லாருடனும் சேர்ந்து சிரித்தார். சுவாமி வீதிவலத்துக்கு முன்னால் போகிறவள்போல நான் அவர் முன்னால் நடந்தேன்.

தையல் பிரித்த அன்று பெரியம்மா பஞ்சாங்கம் பார்த்து நல்ல நேரம் குறித்து வந்தார். வாட்டில் இருந்த பெண்கள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஐயா கொடியைக் கழற்றி அம்மாவின் கழுத்தில் போட்டார். ஆனால் பூட்டத்தான் முடியவில்லை. புகையிலை முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவருக்கு, அந்தச் சின்னப் பூட்டு திருகத் திருக வழுக்கியது. எட்டிப் பார்த்தேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. எங்கள் கிழட்டு மாட்டுக்குக் கண் மங்கியபோதும் இப்படித்தான் வடிந்தது.

"ஐயாவுக்குக் கண் தெரியேல்லை" என்று நான் கத்தினேன். அம்மா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அயலில் எல்லாரிடமும் இந்தத் துக்கத்தைச் சொன்னேன். அடுத்த வீட்டுக்காரர் பதறிக்கொண்டு வந்து விசாரித்தார். ஐயா மறுக்கவில்லை. "ஓம், கொஞ்சம் மங்கல்தான்" என்றார். குசினி அடுப்படியில் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒரு மனிதருக்குக் கண் மங்குவதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று, அன்று முழுவதும் நான் அம்மாவோடு கதைக்கவில்லை.