வகுத்தலை எடுக்க மாட்டேன்

கல்லூரியில் கடைசி வருடம் எல்லோரும் ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் ரெடிமேடாக வாங்கி, முகப்பில் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். நான் வாங்க மாட்டேன் என்றேன். கால்குலேட்டரில் அடங்காத பெரிய எண்களைக் கூட்டி, கழித்து, பெருக்கி, வகுக்கும் புரோகிராம் ஒன்றை நானே சி மொழியில் எழுதுவதாகச் சொன்னேன். படமோ பொத்தானோ கிடையாது. கருப்புத் திரையில் கணக்கைத் தட்டினால் அடுத்த வரியில் விடை வரும்.

என் கைடு சார் சிரித்தார். "பைத்தான்ல ஒரே வரில முடிஞ்சிடுமே. எதுக்கும்மா இந்த வேல?"

"உள்ள எப்படி நடக்குதுன்னு எனக்குத் தெரியணுங்க சார்."

பென்னாகரத்திலிருந்து வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் மடியில் லேப்டாப்பை விரித்துவிடுவேன். கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றும் வழிக்கு வந்தன. வகுத்தல்தான் பாடாய்ப் படுத்தியது. ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டினால் பழைய எண் திரும்ப வர வேண்டும். சில எண்களுக்கு வரவில்லை.

வாய்மொழித் தேர்வான வைவா நெருங்கியபோது, வகுத்தல் தவறுவதைச் சாரிடம் சொன்னேன்.

"வகுத்தல எடுத்துடு. மிச்சம் மூணே போதும். எவன் வகுத்துப் பாக்கப் போறான்?"

"நான் பாப்பேனுங்க சார்."

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா தக்காளி பறிக்கக் கூப்பிட்டார். வரமாட்டேன் என்றேன்.

"வூட்டுல குந்திக்கிட்டு அப்பிடி என்னதான்டி பண்ற?"

"வகுக்கறேன்மா."

"அத அஞ்சாங்கிளாஸ்லயே படிச்சிட்டியே!"

அன்றுதான் பிழை பிடிபட்டது. ஈவின் ஒவ்வோர் இலக்கத்தையும் முதலில் உத்தேசமாக எடுத்து, அது கூடிப்போனால் ஒன்றைக் குறைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை குறைத்தும் போதாத இடங்கள் இருந்தன. சரியாகும்வரை குறைத்துக்கொண்டே வரும்படி மாற்றினேன். அதுவரை முரண்டு பிடித்த எண்களெல்லாம் பெருக்கியதும் அப்படியே திரும்பி வந்தன. தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

வைவா அன்று வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் திரையைப் பார்த்து, "இவ்ளோதானா?" என்றார். இரண்டு எண்களைக் கூட்டச் சொன்னார். விடை வந்ததும் அடுத்தவரின் ஃபைலை எடுத்துவிட்டார்.

"சார், வகுத்தும் காட்டறேனுங்க."

"வேணாம்மா, போதும்."

கேட்காதது போலத் தட்டினேன். பல வரிக்கு நீளும் ஓர் எண்ணை வகுத்து, வந்த ஈவைத் திரும்பப் பெருக்கி மீதியைச் சேர்த்தும் காட்டினேன். ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

கடையில் வாங்கியவர்களுக்கெல்லாம் என்னைவிட மார்க் அதிகம். "அப்பவே சொன்னேன்ல?" என்றார் சார்.

"விடை சரிதானுங்களே சார்" என்றேன்.