நான்கு டேசிச் சட்டிகள்

மார்கழி மாதத்து விடியலில் கிணற்று நீர் கைக்கு இளஞ்சூடாக இருக்கும். பூவாளியில் அதை நிரப்பிக்கொண்டு பாத்திக்கு வருவதற்குள் சூடு போய்விடும். தகரப் பிடி விரலை அறுக்கும். பனியில் நனைந்த புல் காலைக் கூசவைக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், நான் படித்த மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்துப் போர்டிங்கில் எங்களுக்கு நாள் விடிந்தது இப்படித்தான். ஜெப மணி அடிப்பதற்கு முன் பூச்செடிகளுக்குத் தண்ணீர் வார்த்துவிட வேண்டும்.

தலைமை ஆசிரியையான வெள்ளைக்கார அம்மாவை "மிசியம்மா" என்போம். அவருக்கு ஆண்டுதோறும் இங்கிலாந்திலிருந்து சிறு கடதாசிப் பைகளில் டேசி விதை வரும். அவருடைய ஊரில் அது வசந்தகாலப் பூவாம். யாழ்ப்பாணத்தில் வசந்தம் பஞ்சாங்கத்தில் மட்டும்தான் உண்டு என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. கார்த்திகை மழை ஓய்ந்ததும் பெட்டியில் விதைத்து, நாற்று நான்கிலை விட்டதும் பாதையோரப் பாத்தியிலும் மண்சட்டிகளிலும் நடுவோம், மாசியில் பூக்கும். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். ஊரார் அதைத் "துரைசாணிப் பூ" என்றார்கள். தோட்டக்காரச் செல்லையாண்ணை அதை மதித்ததே இல்லை. "மணமுமில்லை, மாலைக்கும் உதவாது. உதுக்குப் போய் இவ்வளவு தண்ணி!" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் இறைப்பார்.

சட்டிகளை இருவருக்கு நான்கு என்று பிரித்துக் கொடுப்பார்கள். எனக்குச் சோடி மகேஸ். இருவருக்கும் ஊர் இணுவில், அவள் எனக்கு ஒரு வகுப்பு மேல். எனக்குப் பதின்மூன்று, அவளுக்குப் பதினான்கு. கணக்கில் அவளை வெல்ல ஆளில்லை. ஆனால் அவளைப் போர்டிங்கில் விட்ட நாளிலேயே தகப்பன் மிசியம்மாவிடம் சொல்லிவிட்டார்: "பிள்ளை பெரிசாகும் மட்டும் படிக்கட்டும்." அக்காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பலருக்கு வயதுக்கு வருவதுதான் படிப்பின் எல்லை. பங்குனியில் வரும் சோதினையில் தேறிவிட்டால் ஆசிரியப் பயிற்சிக்கான வகுப்பில் சேர்ப்பதாக மிசியம்மா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தகப்பனிடம் தானே கதைப்பதாகவும் சொல்லியிருந்தார். பங்குனி வரை உடம்பு பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

உடம்பு பொறுக்கவில்லை. தை பிறந்து ஒரு வாரத்தில், வேலிக் கிளுவைக்குள் யாருக்கும் தெரியாமல் துணி காயப்போட்டவளை நான் கண்டுவிட்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. சோதினை முடியட்டும், நானே அம்மாவுக்குச் சொல்லுறன்." ஓம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவள் அந்த நாட்களிலும் வழக்கம்போலச் செடிகளுக்குத் தண்ணீர் வார்த்தாள்; மாட்டேன் என்றால் ஏன் என்று கேள்வி வரும். ஐந்தாறு நாளில் எங்கள் நான்கு சட்டிகளிலும் இலை ஓரம் கருகி, தண்டு சாய்ந்து, செடிகள் பட்டுப்போயின. தீட்டுக் கையைச் செடி தாங்காது; எங்கள் வீட்டில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். "துடக்கோடை தொட்டால் முருங்கையும் பட்டுப்போம்" என்று அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறா. பாதையோரப் பாத்தியையும் அதே மகேஸ்தான் தொட்டாள், அது செழித்து நின்றது என்பது எனக்குத் தோன்றவில்லை. உயிர்த்த ஞாயிறுக்கு மிசியம்மாவின் விறாந்தையில் வைக்க எங்கள் சட்டிகளைத்தான் தெரிந்தெடுத்திருந்தார்கள். எனக்கு மகேஸ்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை நான் இன்று மறைக்கப்போவதில்லை.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். முகம் ஏன் வாடிக்கிடக்கிறது என்று அம்மா கேட்டா. பூச்செடி பட்டுப்போச்சு என்றேன். ஏன் பட்டது என்றா. அதற்குப் பிறகு ஒன்றொன்றாக எல்லாம் வந்துவிட்டது. அம்மா உலையை இறக்கி வைத்துவிட்டுச் சேலையை மாற்றினா. "குமர்ப்பிள்ளையின்ரை விசயத்தை ஒளிக்கிறதோ? நீ சொன்னது நல்லது, பிள்ளை" என்று சொல்லிவிட்டு மகேஸ் வீட்டுக்கு நடந்தா.

திங்கட்கிழமை காலை கூடாரவண்டி வந்தது. மகேஸின் தகப்பனும் மாமியும் அலுவலக அறைக்குள் போனார்கள். நான் பட்ட சட்டிகளைக் கவிழ்த்துக் கழுவ வேண்டியிருந்ததால் பின்பக்கம் போனேன். செல்லையாண்ணை ஒரு சட்டியைக் கொட்டி, மண்ணை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார்.

"ஆர் பிள்ளை இதுக்குப் பச்சை ஆட்டெரு போட்டது? பச்சை எரு வேரைச் சுட்டுப்போடும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

போட்டது நான். மக்கிய எருவை அரித்து எடுக்கச் சோம்பல்பட்டு, ஆட்டுப்பட்டியில் கிடந்ததை அள்ளி நான்கு சட்டிக்கும் போட்டிருந்தேன்; பாத்திக்குப் போட அது போதவில்லை.

"தெரியாது" என்றேன்.

வண்டி அப்போதும் வேப்பமரத்தின் கீழ் நின்றது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லியும் பயனில்லை என்று பிறகு பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செடி எதனால் பட்டால் என்ன, பிள்ளை பெரிசானது பெரிசானதுதானே. மிசியம்மா தமக்குத் தெரிந்த தமிழில் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார். தகப்பன் குரலை உயர்த்தவே இல்லை. "நான் முதலே சொன்னனான் அம்மா" என்றார், அவ்வளவுதான். மாமி மகேஸின் தலையில் சால்வையைப் போர்த்தி வண்டியில் ஏற்றினா. அவள் என்னைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. அழுகை வரவில்லை. வகுப்புக்குப் போய் அன்றைய கணக்கைச் செய்தேன்.

பாத்தி மாசியில் பூத்தது. எல்லோரும் அழகு என்றார்கள், நானும் என்றேன். மனதுக்குள் மரத்துப்போன பல்லைப்போல ஒன்று இருந்தது, தொட்டால் தெரியும், நோகாது. அடுத்த ஆண்டு சோதினை நெருங்கிய நாளில் எனக்கும் வந்தது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. மூன்று நாளும் டேசிகளுக்கு நானே தண்ணீர் வார்த்து, வேண்டுமென்றே ஒவ்வொன்றையும் தொட்டேன். ஒன்றும் படவில்லை. சோதினை எழுதித் தேறினேன். மிசியம்மா வீட்டுக்கே வந்து அப்பாவுடன் கதைத்தார், அவர் இளகினார். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன்.

இப்போது அந்தப் பாத்தி இருந்த இடத்தில் சைக்கிள் நிறுத்தும் கொட்டகை. கடல்கடந்து விதை வருவதும் மிசியம்மாவோடு நின்றுபோனது. மகேஸுக்கு, வண்டி ஏறிய அதே ஆண்டு ஆவணியிலேயே கலியாணமானது. கோயிலிலும் கொண்டாட்டங்களிலும் கண்டு கதைப்போம், பிள்ளைகளைப் பற்றி, விலைவாசியைப் பற்றி. அவள் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. நானும் சொல்லவில்லை. போன ஐப்பசியில் அவள் போய்விட்டாள். செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். அந்த முற்றத்தில் ஒரு துளசிகூட இல்லை. நான் வெறும் மண்ணைப் பார்ப்பதைக் கண்டு மூத்த மகள் சொன்னாள்:

"அம்மா ஒரு நாளும் ஒரு செடிக்குத் தண்ணி ஊத்தினதில்லை, ரீச்சர். எங்களையும் நடவிடமாட்டா. தன்ரை கை பட்டால் பட்டுப்போகுமாம். சின்ன வயசிலை போர்டிங்கிலை நாலு சட்டியைச் சாகக் குடுத்தவவாம்."